ஸ்டோமா ஓரத்துப் புண்: எனக்குக் கைகொடுத்தவை

குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்காக இலியோஸ்டமி செய்துகொண்டவன் நான். சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு திறப்பு வழியே வெளியே கொண்டுவரும் அறுவை சிகிச்சை அது. அந்தத் திறப்புதான் ஸ்டோமா, கழிவு அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். ஸ்டோமாவை ஒட்டி வந்த சின்னக் கொப்புளம் குழிப்புண்ணாகி, ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போனது. பையைக் கழற்றும்போது உயிர் போகும் வலி. ஈரத்தில் பை ஒட்டாது, கசிவு பட்டுப் புண் இன்னும் எரியும்.

முதலில் காட்டிய இடத்தில் சீழ்ப்புண் என்று சுரண்டிவிட்டார்கள். புண் பெரிதானதுதான் மிச்சம். அப்புறம் தோல் மருத்துவர் ஒருவர்தான் 'பயோடெர்மா கேங்ரினோசம்' என்றார். பெயர்தான் பயமுறுத்துகிறது. இது கிருமித் தொற்று அல்ல, நோய் எதிர்ப்பு சக்தி சொந்தத் தோலையே தாக்குவது. கத்தி பட்டால் பெருகும்.

களிம்பு தடவினால் வழுக்கலில் பை நிற்காது. அதனால் தலைக்குப் போடும் ஸ்டீராய்டு லோஷனை எழுதிக்கொடுத்தார். ஆல்கஹால் கலந்தது, போட்டதும் சுரீர் என்னும். அது காய்ந்ததும் குழிக்குள் ஈரத்தை உறிஞ்சும் ஆல்ஜினேட் துண்டு, மேலே தோலில் ஒட்டிப் புண்ணை மூடும் ஹைட்ரோகொலாய்டு ஷீட், அதன்மேல் பை. பையின் துளையை ஸ்டோமா அளவுக்கே வெட்ட வேண்டும், புண் அளவுக்கு அல்ல. பையைத் தோலில் ஒட்டவைக்கும் குவிந்த பிளேட் புண்ணை அழுத்தியதால் ஸ்டோமா நர்ஸ் தட்டையானதற்கு மாற்றினார்.

காலையில் சாப்பிடும் முன் பை மாற்றினால் குடல் அடங்கியிருக்கும், நிதானமாகச் செய்யலாம். அரை மணி முன்பே டாக்டர் சொன்ன வலி மாத்திரை.

குடல் நோய்க்கு, நோய் எதிர்ப்பு சக்தியின் வேகத்தை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி ஆரம்பித்த பிறகுதான் புண் வேகமாக மூடியது. ஆறின இடத்தில் சல்லடைத் தழும்பு இருக்கிறது. பை ஒட்டுவதில் சிக்கல் இல்லை.