மீன் லோடு பிக்கப்பில் துரு: எங்கே தேய்க்கலாம், எங்கே வெட்ட வேண்டும்

குளச்சலில் மீன் ஏற்றி கேரள எல்லையான களியக்காவிளை தாண்டும் பழைய பிக்கப்புகளில், பெயின்ட் கொப்பளிக்கும் முன்பே தகடு உள்ளுக்குள் அரித்திருக்கும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர், மீன் ஏற்றும் பின்பக்கத் தொட்டியின் மடிப்புகளில் தங்குவதுதான் காரணம்.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். உப்பு மிச்சமிருந்தால் எந்த பெயின்டும் நிற்காது. பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். இறங்கினால் அந்த இடம் போச்சு. வண்டியைத் தாங்கும் சட்டமான சேசிஸிலேயே இறங்கினால் நீங்கள் கை வைக்காதீர்கள். சேசிஸ் வெல்டிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மேல் துருவுக்கு வயர் பிரஷ், 80 கிரிட் எமரி (சொரசொரப்பான தேய்ப்புத் தாள்), அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) போதும். மழை நாளில் பிரைமர் வேண்டாம்.

ஓட்டை என்றாலோ, ஸ்க்ரூடிரைவர் இறங்கினாலோ, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பக்கத்தில் ஓடும் ஒயரிங், டீசல் லைனை நகர்த்திவிட்டு, நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். பிறகு 1 மி.மீ. சி.ஆர். ஷீட்டை (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) விளிம்போடு விளிம்பாக மிக் வெல்டிங் (கம்பி ஊட்டி ஒட்டும் வெல்டிங்) செய்யுங்கள். ஒரேயடியாக இழுத்தால் தகடு நெளியும், 25 மி.மீ. இடைவெளியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு நிரப்புங்கள். மேலே தகடு வைத்து ஓரம் மட்டும் ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நடுவில் தண்ணீர் நின்று மறுபடி அரிக்கும்.

மேடுபள்ளத்தைச் சமன்செய்யப் பூசும் பட்டி 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். ஓட்டையைப் பட்டியால் அடைப்பது விற்கப்போகிறவர் வேலை. வெல்டிங்கின் பின்பக்கத்துக்கும் பிரைமர், அண்டர்கோட்டிங் (வண்டியின் அடியில் பூசும் காப்புப் பூச்சு) அவசியம். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசாதீர்கள். இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் ஊதிவிடும். தொட்டியின் வடிகால் துளைகளில் செதில் அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்திவிடுங்கள்.