பழைய பைக் எஞ்சினை வீட்டிலேயே பிரித்துச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய எஞ்சின் ஒன்றைக் கையில் எடுத்தால், ஓடித் தேய்ந்த இடங்களைவிட, முன்பு யாரோ பிரித்துக் கெடுத்த இடங்கள்தான் முதலில் கண்ணில் படும். தலை சிதைந்த திருகு, உளி வைத்து அடித்ததில் மூலை மழுங்கிய நட், எஞ்சினின் வெளிக்கூடான கேஸின் இரண்டு பாதியும் சேரும் முகத்தில் ஸ்குரூடிரைவரால் நெம்பிய தழும்பு, மரை போன ஓட்டையில் பசையைத் தடவிச் சொருகிய போல்ட். தேய்மானம் எதிர்பார்த்ததுதான், அதற்கு உதிரிபாகம் கிடைக்கும். நெம்பிய தழும்புக்குக் கிடைக்காது. அதனால் இங்கே பாதிக்கு மேல் பிரிப்பதைப் பற்றியும் அளப்பதைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன். அவை இரண்டும் ஒழுங்காக நடந்துவிட்டால் திரும்ப மாட்டுவது பெரிய வித்தை இல்லை.

திறக்கும் முன்பே செய்துவிடும் தவறு

புகை தள்ளுகிறது, சத்தம் வருகிறது என்றதும் ஸ்பானரைத் தூக்கிவிடுவது. எஞ்சின் ஓடும்போது மட்டுமே தெரியும் விஷயங்கள் சில உண்டு. பிரித்துவிட்டால் அவை போயே போய்விடும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில், ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல், கைடு மேல் சந்தேகம். இழுவையில் விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரும். கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி கிக்கரை உதைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாகச் சின்ன ஸ்பூன் அளவு எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது. அப்படியே நின்றால் வால்வு கசிகிறது, அல்லது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. அடியில் சுற்றும் தண்டான கிராங்கைத் தொடாமல் ஹெட்டை மட்டும் கழற்றி முடிக்க வேண்டிய வேலையை, முழு எஞ்சினையும் பரப்பிப் போட்டுச் செய்பவர்கள் அதிகம்.

கியர் தவறுகிற வண்டி என்றால் எந்த கியர், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதா விடும்போதா என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மேஜையில் பல்சக்கரங்களைப் பரப்பியபின் எல்லாம் ஒரே மாதிரிதான் பளபளக்கும். எதை உற்றுப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சீட்டுதான் சொல்லும்.

பழைய ஆயிலை வடித்ததும் கொட்டிவிடாதீர்கள். ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் செதில் இரும்பு. அது கியரிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்திருக்கும். ஒட்டாத வெள்ளை மினுக்கம் அலுமினியம், பிஸ்டனோ கேஸோ உரசியிருக்கிறது. மஞ்சள் மினுக்கம் என்றால் ஏதோ ஒரு புஷ்.

பிரிக்கும் கை

பழைய ஜப்பானிய வண்டிகளின் மூடித் திருகுகள் பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் திருகு போலவே இருக்கும். அவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டியவை. பிலிப்ஸ் டிரைவரின் முனை அந்தப் பள்ளத்தின் அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் மேலேறி நழுவும், நழுவும்போது தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். முனையும், சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் தொல்லை இல்லை. முதல் திருகு நழுவியதுமே நிறுத்துங்கள். பத்தாவது திருகு வரை அதே டிரைவரோடு மல்லுக்கட்டுவதுதான் தவறு.

பழைய பிரிட்டிஷ் வண்டியில் விட்வர்த் வகை நட்டுகள் வரும். அதற்கு மில்லிமீட்டர் ஸ்பானர் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் மூலைகளை மழுக்குகிறது.

திரும்பாத நட்டுக்கு நீளமான பைப் போடுவதற்கு முன், அது இடது மரையா என்று மேனுவலில் பாருங்கள். கிளட்சின் நடு நட், கிராங்க் முனையின் பிரைமரி கியர் நட், மின்சாரம் தரும் மேக்னட் சக்கரத்தின் நட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சில மாடல்களில் எதிர்த்திசையில் திரும்பும். பூட்டைத் திறப்பதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனால் மரை உரிந்துவிடும். நட்டைத் திருகும்போது எஞ்சின் சுற்றாமல் இருக்க இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகுவது இன்னொரு பழக்கம். பல்லின் விளிம்பு பெயர்ந்தால் அன்றைக்குத் தெரியாது, ஓடும்போது தெரியும். கிளட்ச் ஹப்பைப் பிடிக்கும் கருவியையே பயன்படுத்துங்கள்.

மேக்னட்டைக் கழற்ற அந்த மாடலுக்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். வேறு வழியே இல்லை. பின்னால் நெம்புவதும் கிராங்க் முனையில் சுத்தியலால் அடிப்பதும் வேண்டாம். பெரும்பாலான பழைய சிங்கிள் சிலிண்டர் வண்டிகளின் கிராங்க், தனித்தனித் துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. முனையில் விழும் அடி அந்தச் சேர்க்கையை நகர்த்தினால் கிராங்க் நேர்கோட்டிலிருந்து விலகிவிடும். நல்ல பேரிங் போட்டும் எஞ்சின் அதிர்கிறதே என்று பிறகு தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

கேஸ் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கேஸின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீள போல்ட் குட்டை ஓட்டையில் போனால் அடியில் முட்டி அலுமினியத்தைப் பிளக்கும். குட்டை போல்ட் நீள ஓட்டையில் போனால் நாலே மரையில் தொங்கி, இறுக்கும்போது மரையோடு கையில் வரும். இரண்டுமே ஒரு துண்டு அட்டையால் தவிர்க்கக்கூடியவை.

எல்லா போல்ட்டும் எடுத்தாயிற்று, கேஸ் பிரியவில்லை என்றால் இன்னும் ஒரு போல்ட் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அழுக்குக்கு அடியில், கிளட்சுக்குப் பின்னால், செயின் ஸ்பிராக்கெட் பக்கம் தேடுங்கள். நிஜமாகவே எதுவும் இல்லை என்றால் ரப்பர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால் கேஸ் பிரிக்கும் கருவியைப் போடுங்கள். கேஸ்கெட் முகத்தில் இரும்பு படவே கூடாது.

பேரிங்கைக் குளிர்ந்த கேஸில் அடித்து ஏற்றுவது பட்டறைகளிலும் பார்க்கிற தவறு. ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, கேஸை 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் பேரிங் தன் எடையிலேயே உள்ளே விழும். தெளித்த தண்ணீர்த் துளி சுரீர் என்று பறந்தால் சூடு போதும். ஓவனில் வைப்பதாக இருந்தால், பெட்ரோலில் கழுவிய கேஸை நேராக உள்ளே வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தபின் வையுங்கள். (வீட்டு ஓவன் என்றால் முதலில் வீட்டாரிடம் அனுமதி வாங்குவது தனி வேலை.) தட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், கேஸுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் தட்டுங்கள், ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில். மாற்றித் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் குழி விழும். புத்தம் புதிய பேரிங் முதல் நாளே இரையும்.

அளக்காமல் போடும் "புது" பாகம்

இதுதான் பெரிய தவறு. தேய்ந்த போரில் புது ரிங்கை மட்டும் மாட்டி "ரீபில்ட்" என்று பெயர் வைப்பது. போர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்துக்குக் கீழேதான் அதிகம் தேயும், அதுவும் பிஸ்டன் சாயும் திசையில். அதனால் வட்டம் முட்டையாகி, மேலே ஒரு விளிம்பு நிற்கும். விரல் நகத்தை உள்ளிருந்து மேலே இழுத்தால் அந்த விளிம்பு தட்டும். புது ரிங்கின் கூரான மூலை அதில் இடித்தால் ரிங் உடையும்.

மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசையில் போர் கேஜால் அளந்து எழுதுங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரால், கான்ராடோடு அதைக் கோக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். பிஸ்டன் தலையை அளந்தால் தப்பு. அது எப்போதுமே பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதியைவிடச் சின்னது. வெர்னியர் இந்த வேலைக்கு ஆகாது. நாம் தேடும் இடைவெளியே பல ஏர் கூல்டு வண்டிகளில் 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர்தான், வெர்னியரின் பிழையே அதில் பாதியைத் தின்றுவிடும்.

தேய்மானம் எல்லையைத் தாண்டியிருந்தால் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று அடுத்த ஓவர்சைஸ், அதாவது சற்றுப் பெரிய பிஸ்டன். இங்கே வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் கையோடு லேத்துக்கு எடுத்துப் போங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவுக்கு இல்லாமல், அந்தப் பிஸ்டனின் உண்மையான அளவுக்குப் போர் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: நிக்கசில் போன்ற பூச்சு உள்ள அலுமினிய சிலிண்டரை வார்ப்பிரும்பு போல நினைத்து போர் அடித்தால் பூச்சு போய்விடும். காந்தத்தை உட்சுவரில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது வார்ப்பிரும்பு லைனர் இல்லை.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் போருக்குள் தனியாக விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 25 மில்லிமீட்டர் போருக்கு 0.1 என்பது பழைய கைக்கணக்கு. 60 மில்லிமீட்டர் போருக்கு 0.24 வாக்கில் வரும். மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி. இடைவெளி கூடினால் கொஞ்சம் கம்ப்ரஷன் போகும், அவ்வளவுதான். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் சுவரைக் கீறும்.

ஹோனிங் (கல்லால் தேய்த்து மெல்லிய கோடு போடுவது) முடிந்த போரைப் பெட்ரோலால் துடைத்துவிட்டு "சுத்தம்" என்று மாட்டுபவர்களுக்கு ஒரு சோதனை. வெள்ளைத் துணியில் ஆயிலைத் தொட்டு போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாகும். அது கல்பொடி. பெட்ரோல் பிசுக்கை மட்டும் எடுக்கும், கோடுகளுக்குள் உட்கார்ந்த பொடி அப்படியே இருக்கும். வெந்நீரும் சோப்பும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்து, காய்ந்த நிமிடமே ஆயில் பூசுங்கள். தாமதித்தால் துரு ஏறும்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான்ராடு விஷயத்தில் பலரும் ஏமாறுவது பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்த்து. பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், அதன் அளவு மேனுவலில் இருக்கும். ரோலர் பேரிங் உள்ள பெரிய முனையில் மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்கும்போது ஆட்டம் தெரிந்தால்தான் கிராங்க் வேலைக்குப் போக வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். பிரஸ்ஸும், டயல் கேஜ் வைத்து நேர்பார்க்கும் அனுபவமும் வேண்டிய வேலை அது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்றால் கிராங்கின் இருபக்க ஆயில் சீலையும் கட்டாயம் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். மேக்னட் பக்க சீல் கசிந்தால் காற்று உள்ளே இழுத்துக் கலவை நீர்த்துப்போய்ப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் கசிந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகையாகப் போகும், கியர்பாக்ஸில் ஆயில் எங்கே போனது என்றே தெரியாது.

கியர்பாக்ஸ்

ஷாஃப்டுகளை எடுத்ததும் முனையில் இருக்கும் மெல்லிய வாஷரைக் கவனியுங்கள். ஆயில் பிசுபிசுப்பில் அது கேஸின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே விழுந்த வாஷர் எந்த ஷாஃப்டுடையது என்ற கேள்வி வந்துவிட்டால் உதிரிபாகப் படத்தைப் பார்த்தால்தான் உண்டு. ஷாஃப்டில் இருந்து கழற்றும் ஒவ்வொன்றையும் அதே வரிசையில், அதே முகம் மேலே பார்க்க, ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

கியரை நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்புக்கு இரண்டு முகம். ஒரு பக்க விளிம்பு உருண்டிருக்கும், மறுபக்கம் கூராக இருக்கும். தள்ளுகிற கியரை உருண்ட பக்கம் பார்க்க வேண்டும், கூரான பக்கம் அதற்கு எதிரே. திருப்பிப் போட்டால் சுமை ஏறும்போது காடியிலிருந்து மேலேறிவிடும். ஒருமுறை விரித்த சர்க்ளிப்பை மறுபடி போடாதீர்கள்.

கியர் தவறும் வண்டியில் எல்லோரும் முதலில் மாற்றுவது கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க். ஃபோர்க் வளைந்தோ, நுனி தேய்ந்தோ, சூட்டில் நீலம் பாய்ந்தோ இருக்கலாம். ஆனால் பல நேரம் அது விளைவு மட்டும்தான். கியரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாய்ப்பற்களின் மூலைகளைப் பாருங்கள். உருண்டிருந்தால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த விசையைத் தாங்கித்தான் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது. புது ஃபோர்க் போட்டால் சில மாதம் தாங்கும், பிறகு பழைய கதைதான். உருண்ட பற்கள் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு கியரையும் மாற்றுங்கள்.

கேஸை மூடும் முன் எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள். ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே மாற்ற வேண்டும். நின்ற நிலையில் பற்கள் முட்டிக்கொண்டு கியர் விழாமல் இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பவர்கள் உண்டு.

மூடும்போது

சிலிகான் பசையைக் குழைத்துப் பூசுவது. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் வலையை அடைக்கும், இல்லையென்றால் ஆயில் துவாரத்தை. மெல்லிய படலம் போதும். கேஸ்கெட் வைக்கிற இடத்தில் பசை தேவையே இல்லை, மேனுவல் கேட்டாலொழிய.

பிஸ்டன் பின்னின் சர்க்ளிப்பை மாட்டும் முன் கிராங்க் கேஸின் வாயில் துணியை அடைத்துவிடுங்கள். தெறித்தால் அது நேரே கீழேதான் போகும், மூடிய கேஸைத் திரும்பப் பிரிக்க வேண்டிவரும்.

அலுமினியத்தில் இறங்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். கார் வீலுக்கு வாங்கிய பெரிய டார்க் ரெஞ்சில் இந்த அளவே சரியாகத் தெரியாது, சின்னது ஒன்று வேண்டும். அடி மூடிய ஓட்டைகளில் ஆயில் தேங்கியிருந்தால் ஊதி எடுங்கள். போல்ட் இறங்கும்போது ஆயிலுக்குப் போக வழியில்லாமல் கேஸ் பிளந்துவிடும்.

புது கிளட்ச் பிளேட்டுகளை மாட்டும் முன் ஆயிலில் ஊறவையுங்கள். கிளட்ச் ஆயிலில் நனையும் வண்டிக்குக் கார் ஆயில் வேண்டாம், ஜாசோ எம்.ஏ. (நனையும் கிளட்சுக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கேம் டைமிங் வைத்தபின், பிளக் இல்லாமல் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் நிறுத்துங்கள், முட்டுவது வால்வாக இருக்கலாம். பிறகு ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே கிக்கரை மிதித்து, ஹெட்டுக்கு ஆயில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடியதும் அரை மணிநேரம் ஐடிலில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். சுமை இல்லாமல் ரிங் போரில் படியாது, நின்ற இடத்தில் ஏர் கூல்டு எஞ்சின் காற்றில்லாமல் சூடேறும். வேகத்தை ஏற்றி இறக்கி, முடுக்காமல் ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, அதிலும் காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். மெல்லிய கருந்தூள் வந்தால் பரவாயில்லை. செதிலாக வந்தால் வண்டியை எடுக்காமல் ஆயில் வலையைத் திறந்து பாருங்கள்.