வன்னியிலிருந்து தோஹாவுக்கு: போகமுன்னும் போன முதல் மாதமும்

தர்மபுரத்தில் என் வீட்டுக்கு அடிக்கடி யாராவது ஒரு பொடியன் வருவான். கையில் பாஸ்போர்ட் இருக்கும். "அண்ணை, கட்டாருக்கு விசா சரிவந்திட்டுது. என்னென்ன கொண்டுபோக வேணும்?" என்று கேட்பான். நான் 2019 தை மாதம் எலெக்ட்ரீசியனாகப் போய், நாலு வருசம் நின்று, 2023 இல் திரும்பி வந்தவன். வருகிறவனை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, "பெட்டி அடுக்கிறது கடைசி வேலை, முதல் பேப்பரை எடு" என்பேன். அவர்களுக்குச் சொல்கிறதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். எங்கள் சனத்தில் பலருடைய பிறப்புச் சான்றிதழ் 2009 யுத்தத்தில் பையோடு போனது. பிறகு எடுத்த பிரதியில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, என்.வி.கியூ. (தொழிற்தகைமை) சான்றிதழில் மூன்றாவது. ஒன்றில் 'எஸ்', மற்றதில் 'எஸ் எச்'. இங்கே யாரும் கவனிக்கமாட்டார்கள். அங்கே சம்பள வங்கிக் கணக்குத் திறக்கும்போது அந்த ஓர் எழுத்து உங்களை நாட்கணக்கில் அலைக்கழிக்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் அலுவலுக்கு வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. சான்றிதழ்களை உறுதிப்படுத்த யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் உள்ள, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் அலுவலகத்துக்குப் போகலாம். முகவரிடம் கட்டோடு கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறவும் வேண்டாம். பதிந்தால்தான் காப்புறுதி. முகவரின் அனுமதிப்பத்திர இலக்கம் உண்மையோ என்று 1989 க்கு அடித்துக் கேளுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். கட்டாருக்குப் போகிறவர்களுக்குக் கொழும்பில் கட்டார் விசா நிலையம் இருக்கிறது. கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடியும். எனக்கு முதலில் விசா எடுத்த முகவர் 1,800 ரியால் அடிப்படைச் சம்பளம் என்றார். நிலையத்தில் ஒப்பந்தத்தைப் பார்த்தால் 1,200 என்று கிடந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் "போனாப்பிறகு கூட்டுவாங்கள், கையெழுத்தைப் போடு" என்றார்கள். நான் போடவில்லை. எழுந்து வந்து அன்றிரவே கிளிநொச்சி பஸ் ஏறினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சோற்றைப் போட்டுத் தந்தார். சில கிழமை கழித்து வேறு முகவர் மூலம் 1,500 அடிப்படை, சாப்பாட்டுக்கு 300 என்று வந்தது. அதில்தான் போனேன்.

அடிப்படைச் சம்பளம் என்ற அந்த ஒரு இலக்கத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மேலதிக நேரக் காசை அதிலிருந்துதான் கணக்கிடுவார்கள், குறைந்தது 25 சதவீதம் கூட்டி. முடிந்து வரும்போது தருகிற பணிக்கொடையும் அதிலிருந்துதான். 'எல்லாமாச் சேர்த்து இவ்வளவு' என்று யாராவது சொன்னால், சேர்த்ததைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். 2021 பங்குனியிலிருந்து அங்கே சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் 1,000 ரியால். சாப்பாடும் இடமும் கொம்பனி தராவிட்டால் அதற்கு 300, 500 தனியாகத் தரவேண்டும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஆட்களுக்கு மட்டுமானது. உடம்பில் செல் துண்டு (வெடித்த எறிகணையின் சிதறல்) உள்ளவர்கள் கவனியுங்கள். என் வலது தோளுக்குக் கீழே, விலாவோடு, ஒரு சின்னத் துண்டு 2009 இலிருந்து இருக்கிறது. குளிரில் மட்டும் நோகும், மற்றபடி நானே மறந்துவிடுவேன். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், காசநோய் இருக்கிறதா என்று பார்க்க. அந்தப் படத்தில் என் துண்டு சுண்டுவிரல் நகம் அளவில் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. "இது என்ன?" என்று கேட்டார்கள். போகமுன்னமே கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தேன்: பழைய காயம், உலோகத் துண்டு, இன்ன இடம், வேறு நோய் இல்லை. அதைக் கொடுத்தேன், அரை மணித்தியாலத்தில் முடிந்தது. என்னோடு வந்த முல்லைத்தீவு அண்ணைக்கும் துண்டு இருந்தது, கடிதம் இல்லை. அவர் திரும்பவும் ஊருக்கு வந்து, கடிதம் எடுத்து, இன்னொரு முறை போகவேண்டியதாகிவிட்டது. பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் அதையும் சுருட்டிக் கொண்டுபோங்கள். விமான நிலையத்தில் கருவி கத்தினாலும் அந்தக் கடிதத்தைக் காட்டலாம். யார் சுட்டது, எங்கே நின்றீர்கள் என்று யாருக்கும் கதை சொல்லத் தேவையில்லை. கடிதம் போதும்.

அந்த நோவுக்குக் குளிசை போடுகிறவர்கள் இன்னும் கவனம். இங்கே எழுதித் தருகிற சில நோக்குளிசைகள், திரமடோல், கொடெயின் சேர்ந்தவை, அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சீட்டில்லாமல் பையில் கிடந்தால் பெரிய வழக்கு. பனடோல் பரவாயில்லை. மற்றதெல்லாம் வைத்தியரிடம் கேட்டு, மருந்துச்சீட்டோடு. கசகசாவும் வேண்டாம், வளைகுடாவில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். வாய்க்குள் போடுகிற புகையிலையும் வேண்டாம். அடுத்த வீட்டு அக்கா "மகனிட்டக் குடுத்துவிடு" என்று தைத்த பொதி தந்தால், அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துத்தான் வாங்குங்கள். கோவித்தால் கோவிக்கட்டும்.

பெட்டிக்குள் அம்மா இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, இரண்டு சாரம், ஒரு போர்வை. மார்கழி, தையில் அங்கே இரவு குளிரும். உடுப்பெல்லாம் அங்கே மலிவாக வாங்கலாம், அம்மாவின் தூளை வாங்க ஏலாது.

விமானம் ஐந்து மணித்தியாலம் அளவில். இறங்கியவுடன் கடிகாரத்தை இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு வையுங்கள். முதல் கிழமை தலை சுற்றும். ஆறு பேர் அறை, இரண்டு தட்டுக் கட்டில், நேபாளி, மலையாளி, வங்காளி. மேல்தட்டுத்தான் கிடைக்கும், புதிதாய்ப் போனவனுக்கு அதுதான். முதல் நாளே முப்பது ஹிந்திச் சொல் எழுதிப் பாடமாக்குங்கள்: தண்ணீர், சாவி, நாளைக்கு, நோகுது, எவ்வளவு. என் அறையில் நேபாளிப் பொடியன் ஒருவன் எனக்கு ஹிந்தி சொல்லித் தந்தான், நான் அவனுக்கு வயரிங் சொல்லிக் கொடுத்தேன்.

வயரிங்காரன் என்பதால் ஒன்று கட்டாயம் சொல்லவேணும். அங்கே சதுர முனை மூன்றுள்ள 13 அம்பியர் பிளக். அறையில் ஒரே சொக்கெட்டில் நீட்டுப் பலகை போட்டு ரைஸ் குக்கர், தண்ணீர்க் கேத்தல், இஸ்திரிப்பெட்டி எல்லாம் குத்துவார்கள். கேத்தல் மட்டுமே 2,000 வாட் இழுக்கும், குக்கர் 700. இரண்டும் சேர்ந்தாலே அந்தப் பிளக் தாங்குகிற எல்லைக்குக் கிட்ட வந்துவிடும், இஸ்திரி சேர்ந்தால் மிஞ்சிவிடும். நான் போன மாதமே பலகையின் கழுத்து உருகிக் கறுத்திருப்பதைக் கண்டேன். தொட்டால் சுட்டது. அன்றே சுவரில் ஒரு நேர அட்டவணை ஒட்டினோம்: சோறு போடுகிற நேரம் கேத்தல் இல்லை. படுக்கமுன் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டையை அங்கே பத்தாக்கா என்பார்கள். அது வரும்வரை பாஸ்போர்ட் பிரதியும் விசாத் தாளும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். வந்தபிறகு உள்துறை அமைச்சின் மெற்றாஷ் செயலியில் அது முடிகிற திகதி சரியா என்று நீங்களே பார்க்கலாம். பாஸ்போர்ட்டைக் கொம்பனி வாங்கி வைப்பது சட்டத்துக்கு மாறானது. "பாதுகாப்புக்கு" என்று கேட்டால், பூட்டுப்போட்ட பெட்டி என்னிடம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சம்பளம் பிந்தினால் தொழில் அமைச்சின் முறைப்பாட்டு இலக்கம், அவசரமென்றால் 999. இரண்டையும் போனிலும் வையுங்கள், ஒரு துண்டிலும் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் தேவை வரும்.

வேலை வெயிலைப் பற்றி. புதுக்குடியிருப்பு வெயிலில் வளர்ந்தவனுக்கு இது என்ன என்று நினைத்துப் போனேன். இங்கே வியர்வை காயும். அங்கே ஆவணி மாதம் கடல் ஈரத்தில் வியர்வை காயவே காயாது, உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும். ஆனி (ஜூன்) 1 முதல் புரட்டாதி (செப்டெம்பர்) 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலை செய்விக்கக் கூடாதென்று சட்டம். மற்ற நேரத்தில் தாகம் வரமுன் குடியுங்கள். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் வேலையை நிற்பாட்டிவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை படுத்தே கிடக்காதீர்கள். நான் போனபோது மெட்ரோ இல்லை, 2019 சித்திரை கழிந்துதான் ஓடத் தொடங்கியது. ஒரு பயணம் 2 ரியால். முதல் மூன்று வெள்ளியும் ஒவ்வொரு பாதையின் கடைசித் தரிப்பிடம்வரை தனியாகப் போய் வாருங்கள். வேப்பமரச் சந்தி, பெரிய பள்ளிக்கூடம் என்று நாங்கள் ஊரில் வழி சொல்வதுபோல அங்கேயும் உங்களுக்கென்று அடையாளங்கள் விழும். மாலையில் கோர்னிஷ் கடற்கரை. இரணைமடு அணைக்கட்டில் நிற்கிற மாதிரி இராது, என்றாலும் தண்ணீர் தண்ணீர்தான், எனக்கு மனம் ஆறியது.

வீட்டோடு கதைக்க ஒரு நேரம் குறியுங்கள். அங்கே இரவு 7 என்றால் இங்கே 9.30, பிள்ளைகள் படுத்துவிடும். காலை வேலைக்குப் போகமுன், அங்கே 4.30, இங்கே 7, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம். நான் அதைத்தான் பிடித்தேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் நடந்து போகிற சத்தத்தைத் தங்கச்சி போனில் கேட்க வைப்பாள்.

காசை வங்கி வழியாகவே, உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். 2022 இல் ரூபா விழுந்தபோது உண்டியல்காரர், அதாவது வங்கியில்லாமல் காசு மாற்றுகிறவர்கள், வங்கியைவிடக் கூடுதலாகத் தந்தார்கள், உண்மைதான். ஆனால் பின்னுக்கு வங்கியில் கடன் கேட்கப் போனபோது என் நாலு வருசச் சிட்டைதான் கதைத்தது.

திரும்புகிற மாதம் கணக்கை நீங்களே போட்டு வையுங்கள். பணிக்கொடை வருசத்துக்குக் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம். எனக்கு நாளுக்கு 50 ரியால், நாலு வருசத்துக்கு 84 நாள், 4,200 ரியால். கச்சான் தோட்டத்துக்கு நீர்ப்பம்பி அதில்தான் வாங்கினேன். அன்றைக்கு விசா நிலையத்தில் 1,200 க்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது 3,360. சேவைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா, உங்கள் பெயரில் அந்த 'எஸ்' சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.