"இந்த ஃபைலை உடனே அழியுங்கள்" என்று மெயில் வந்தால்

2002-ல் ஒரு மெயில் பல நாடுகளைச் சுற்றி வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள், கரடி பொம்மைப் படம் போட்டிருக்கும், அது வைரஸ், ஆன்டிவைரஸுக்கும் சிக்காது, 14 நாள் சும்மா கிடந்துவிட்டு வேலையைக் காட்டும், உடனே அழித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று. தேடினால் கரடி இருந்தது! பலர் பயந்துபோய் அழித்துவிட்டார்கள். உண்மையில் அது மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸில் போட்டிருந்த, ஜாவா புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான ஒரு சின்னக் கருவி.

அந்தப் பொய்யில் வைரஸே கிடையாது. கெடுதலை நம் கையாலேயே செய்ய வைத்தார்கள், அதுதான் எனக்குக் கோபம். ஃபைல் இருக்கிறது என்பதாலேயே அது வைரஸ் ஆகிவிடாது.

சரி, இப்படி ஒன்று வந்தால் முதலில் எதையும் அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். மெயிலோடு ஃபைல் ஏதாவது இணைத்திருந்தால் அதைத் திறக்கவும் வேண்டாம், 2000-ல் காதல் கடிதம் என்று வந்த நிஜ வைரஸ் அப்படித்தான் பரவியது.

அடுத்து மெயிலை நிதானமாகப் படியுங்கள். "எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று கெஞ்சுகிறதா? தேதி போடாமல் "நேற்றுதான் கண்டுபிடித்தார்கள்" என்கிறதா? பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டு அந்த அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டவில்லையா? அப்படியென்றால் பெரும்பாலும் புரளிதான்.

அப்புறம் அந்த ஃபைல் பெயரோடு "புரளி" அல்லது "ஹோக்ஸ்" என்று சேர்த்துக் கூகுளில் தேடுங்கள். மெயிலில் உள்ள லிங்கைத் தொடாமல், உங்கள் ஆன்டிவைரஸ் கம்பெனியின் முகவரியை நீங்களே டைப் செய்து போய்ப் பாருங்கள். இன்னும் சந்தேகமா? அந்த ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் சேர்ந்து சோதித்துச் சொல்லும். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? பதறாதீர்கள். ரீசைக்கிள் பின்னில் இருந்தால் ரீஸ்டோர் கொடுங்கள். அங்கே இல்லை, அது விண்டோஸின் ஃபைல் என்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளை டைப் செய்யும் விண்டோஸ் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு (/), அதை ஒட்டியே ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். காணாமல் போன சிஸ்டம் ஃபைல்களை விண்டோஸே திரும்ப வைக்கும்.

கடைசியாக, அனுப்பியவருக்கு மட்டும் தனியாகப் பதில் போடுங்கள். உங்கள் மேல் அக்கறைப்பட்டுத்தான் அனுப்பியிருப்பார், எல்லார் முன்னாலும் திருத்தினால் மனது கஷ்டப்படும். நீங்களே பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தால் அதே பத்துப் பேருக்கும் "அது பொய், அழிக்காதீர்கள்" என்று இன்றைக்கே எழுதுங்கள், முகவரிகளை பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) போட்டு.