வனவிலங்கு உயிரியல் படிக்கப் போகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

“புலி படிச்சு என்னலே செய்யப் போற?” என்று வீட்டில் கேட்பார்கள். சிரித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் நாமும் உள்ளூர, புலியைப் பார்க்கத்தான் இந்தப் படிப்பு என்று நம்பிக்கொண்டிருப்போம். முதல் தவறு அதுதான்.

களக்காடு முண்டந்துறை, நெல்லைக்காரர்களான நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வரும் மயக்கம் இது. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே நாள்கணக்கில் நடந்தாலும் பெரும்பாலும் கண்ணில் படுவது எச்சமும், மரப்பட்டையில் நகக்கீறலும், ஈர மண்ணில் ஒரு கால்தடமும்தான். புலிக்காகக் காத்திருக்கிறவர்கள், நெல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத கூந்தன்குளத்தைக் ‘குளம்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திறங்கும் குளம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். மூன்று வருஷமும் மாதம் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்து எழுதினாலே கையில் ஒரு சொத்து சேர்ந்துவிடும்.

எழுதினால் என்றேன் அல்லவா, பெரிய ஓட்டையே அங்கேதான். என் முதல் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: “கூந்தன்குளம். காலை. நாரை நிறைய. நல்ல வெயில்.” ஆசிரியர் ‘நிறைய’வைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘எத்தனை?’ என்று எழுதியிருந்தார். எண்ண முடியாது சார் என்றேன். அடுத்த தடவை குளக்கரையிலேயே காட்டினார்: முதலில் பத்துப் பறவையை மட்டும் எண்ணு, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள், அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போ. அப்புறம் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், தண்ணீர் மட்டம். இனம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுது. ஒன்றையும் காணாத நாளையும் எழுது, பூஜ்யமும் கணக்குதான். இதையெல்லாம் பென்சிலில் எழுதுங்கள். மாஞ்சோலை மழையில் மை கரைந்து ஒரு முழு நாள் வேலையை நான் இழந்திருக்கிறேன்.

கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி: புள்ளியியல் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. புலிக்குப் புலி வரி மாறும். தானியங்கி கேமராவில் ஒரே புலி எத்தனை முறை திரும்பச் சிக்குகிறது என்று பார்த்து, படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். அது முழுக்கப் புள்ளியியல்தான். அந்த வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் பறவை பார்க்கப் போகாதீர்கள்.

பாம்பைப் பிடித்து ரீல்ஸ் போடுவது, அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது இரண்டும் வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மாணவன் என்று தனிச் சலுகை கிடையாது. வழக்கு வந்தால் பிறகு ஆய்வு அனுமதி கேட்டு அதே வனத்துறையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சரி, சேர்வதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு: பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் சேர்வது. இந்திய வனப்பணித் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல், புள்ளியியல் போன்ற பாடங்களில் ஒன்றாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் ‘வனவிலங்கு உயிரியல்’ என்ற பெயர் இல்லை. அதனால் ஃபீஸ் கட்டுமுன், சான்றிதழில் விலங்கியல் என்ற சொல் வருமா என்று கல்லூரி ஆபீஸில் கேட்டுவிடுங்கள். கவுண்டரில் இருப்பவர் முறைப்பார், பரவாயில்லை.