முப்பரிமாண அச்சில் ஆண்டெனா: பிளாஸ்டிக்கை எங்கே, எவ்வளவு வைப்பது

முப்பரிமாண அச்சுப்பொறியில் ஆண்டெனா செய்யும்போது பெரும்பாலும் அச்சாவது அதைத் தாங்கும் கூடுதான். மின்னோட்டம் பாயும் பகுதி செம்புக் கம்பியாகவோ செம்பு நாடாவாகவோ இருக்கும். அச்சுப்பொறி உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் இழைகளில், கரித்தூள் கலந்து மின்சாரத்தைக் கடத்துபவையும் கிடைக்கின்றன என்றாலும், அவற்றின் மின்தடைத்திறன் செம்பைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம் என்பதால், செலுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு வீணே வெப்பமாகிவிடும்.

வெறும் கூடுதானே என்று அதை அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. பிஎல்ஏ, ஏபிஎஸ் போன்ற அச்சுப் பிளாஸ்டிக்குகளின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு பாதிக்கிறது என்பதன் அளவு; காற்றுக்கு ஏறத்தாழ 1) ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை இருக்கும். கம்பியை ஒட்டியுள்ள பிளாஸ்டிக் அதில் செல்லும் அலையின் வேகத்தைக் குறைத்து, ஆண்டெனா மிக நன்றாக வேலை செய்யும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். அச்சுக்கு வடிவத்தைத் தயார்செய்யும் ஸ்லைசர் மென்பொருளில் உள்நிரப்பை (பொருளின் உள்ளே நிரப்பும் பிளாஸ்டிக்கின் அளவை) 15 அல்லது 20 சதவீதத்துக்குக் குறைத்தால் உள்ளே காற்றே மிகுந்திருப்பதால் இவ்விளைவும் தணியும். வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அலைநீளத்தில் பாதி நீளமுள்ள, நடுவில் இணைப்புத் தரும் அரையலை இருமுனை ஆண்டெனாவில் மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதும் பிளாஸ்டிக்கின் விளைவு மிகுவதும் நுனிகளில்தான் என்பதால், நடுவில் தடித்த பிடி இருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நுனியில் மாட்டும் சிறு மூடிதான் கணக்கைக் குலைக்கும். ஆகவே கம்பியைச் சற்று நீளமாக வெட்டி, கூட்டில் பொருத்திய பிறகே நறுக்கிச் சரிசெய்ய வேண்டும்.

வெயிலில் நிற்கும் ஆண்டெனாவுக்கு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் பிஎல்ஏ ஏற்றதன்று. புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் மேல். கருப்பு இழையில் அலையை உறிஞ்சும் கரி கலந்திருக்கக்கூடும். ஐயமிருந்தால், அச்சிட்ட சிறு துண்டை ஒரு குவளைத் தண்ணீருடன் மைக்ரோவேவ் அடுப்பில் அரை நிமிடம் வைத்துப் பார்க்கலாம். துண்டு தானாகவே சூடேறினால், அந்த அடுப்பின் அதிர்வெண்ணை ஒட்டிய 2.4 கிகாஹெர்ட்ஸ் (வைஃபை போன்ற) வேலைக்கு அது வேண்டாம்.

முதல் முயற்சிக்கு, கம்பியைத் திருகுச்சுருள் போலச் சுற்றிய சுருள் ஆண்டெனாவே நல்லது. அதன் அலைப்பட்டை (அது வேலை செய்யும் அதிர்வெண் வீச்சு) அகலமானதால் பிளாஸ்டிக்கால் வரும் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். 2,440 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.3 செ.மீ. ஒரு சுற்றின் சுற்றளவு அதே அளவு இருக்க வேண்டும் என்பதால் விட்டம் 3.9 செ.மீ., சுற்றுக்குச் சுற்று இடைவெளி சுமார் 2.8 செ.மீ. ஆகும். இந்த விட்டம் கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்கு அளப்பது. கூட்டின் வெளிவிட்டம் அன்று. முழுக் குழாயாக அச்சிடாமல், குறுக்காகக் கோத்த இரண்டு மெல்லிய தட்டுகளின் ஓரத்தில் காடி வெட்டி அதில் கம்பியை அமர்த்தினால், பிளாஸ்டிக் ஆங்காங்கே மட்டும் தொடும். அடியில் 10 செ.மீ.க்குக் குறையாத அகலமுள்ள உலோகத் தகடு வேண்டும்.

சுருளின் மின்மறிப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) சுமார் 140 ஓம், கேபிளுடையதோ 50 ஓம். முதல் கால் சுற்றில் ஒரு செம்புப் பட்டையைப் பற்றவைத்து, தகட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை வளைத்துச் சரிசெய்தால் இரண்டும் இசையும். பற்றவைப்பைக் கூட்டில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், இல்லையெனில் காடி உருகிவிடும். மழைமூடி போடுவதாக இருந்தால், அதையும் மாட்டிய பிறகே, ஆண்டெனா எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இசைகிறது என்று காட்டும் விஎன்ஏ கருவியில் அளக்க வேண்டும், மூடியும் பிளாஸ்டிக்தானே.