"வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்: நாயின் உடல்நலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு நாய் ஒன்பது வயதில் மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டது. முதல் படியில் முன்னங்கால் இரண்டையும் வைக்கும், கொஞ்ச நேரம் மேலே பார்க்கும், அப்புறம் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். "வயசாயிடுச்சு, பாவம்" என்று எல்லோரும் சொன்னோம். எட்டு மாதம் அப்படியே போனது. தடுப்பூசிக்காகக் கூட்டிப்போனபோது டாக்டர் அதன் பின்னங்காலைப் பிடித்து மெல்லப் பின்பக்கமாக நீட்டினார். அது கத்தவில்லை. தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தது, உதட்டை நக்கிக்கொண்டது, அவ்வளவுதான். "இடுப்பு மூட்டு தேய்ஞ்சிருக்கு. ரொம்ப நாளா வலிச்சிருக்கும்" என்றார். உடல் எடையைக் குறைத்தோம், வலிக்கு மருந்து கொடுத்தோம். இரண்டு மாதத்தில் மறுபடி மாடிக்கு வந்துவிட்டது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் கால்நடை மருத்துவம் நாய்களைப் பற்றி என்னவெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்று தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆய்வாளர்கள் பல வருடங்களுக்கு முன்பே விடை சொல்லிவிட்ட விஷயங்களில் வீடுகளில் நாம் இன்னும் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருக்கிறோம். தவறுகள் பெரும்பாலும் அன்பில்லாமல் வருவதில்லை. நம்பிக்கையோடு சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

"வலிச்சா கத்துமே!"

அடிபட்டால், மிதிபட்டால் கத்தும். நாள்பட்ட வலிக்குப் பெரும்பாலும் கத்தாது. முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விடும். வண்டியில் தாவி ஏறாது, படுத்த இடத்திலிருந்து எழ இரண்டு முறை முயலும், தொட்டால் விலகிப் போகும், பந்தைக் கண்டும் காணாததுபோல் இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் மூட்டு வலியை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதை நிரப்ப வேண்டியவர் டாக்டர் அல்ல, வளர்ப்பவர். நாய் எப்படி நடக்கிறது, ஓடுகிறது, எழுகிறது, படி ஏறுகிறது என்பதுதான் அதில் கேள்விகள். மருத்துவமனையில் பதற்றத்தில் இருக்கும் நாய் நொண்டலைக்கூட மறைத்துவிடும் என்பதால் வீட்டில் இருப்பவரின் கண்ணைத்தான் மருத்துவமும் நம்புகிறது. சந்தேகம் வந்தால் நாய் நடப்பதையும் எழுவதையும் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அது அதிகம் சொல்லும்.

"நல்லா சாப்பிடுது, அதான் கொழுகொழுன்னு இருக்கு"

இந்த வாக்கியத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. அதிகம் சாப்பிட்ட நாய்கள் நடுமதிப்பாக 11.2 வருடம் வாழ்ந்தன, குறைவாகச் சாப்பிட்டவை 13 வருடம். ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதல். மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் ஒல்லியான நாய்களுக்குச் சுமார் மூன்று வருடம் தள்ளித்தான். இதற்காக எந்த மருந்தும் கொடுக்கவில்லை. வித்தியாசம் தட்டில் மட்டும்தான்.

தராசு இல்லாமலே பார்க்கலாம். உங்கள் இடது கையை விரித்து வையுங்கள். உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் மேட்டை வலது கை விரலால் தடவுங்கள். சதைக்கு அடியில் எலும்பு இருப்பதே சரியாகத் தெரியாது. நாயின் விலா அப்படி இருந்தால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். இப்போது கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவுங்கள். விலா அந்த அளவு துருத்திக்கொண்டிருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. கையைத் திரும்ப விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்புகள் லேசாகக் கைக்குத் தட்டுப்படும். விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். அடர்த்தியான ரோமம் உள்ள நாயைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கருத்தடை அறுவைக்குப் பிறகு நாயின் ஆற்றல் தேவை குறைந்துவிடும். பழைய அளவிலேயே உணவு போட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

"வீட்ல இருக்கற மாத்திரையே போதும்"

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். காய்ச்சலோ நொண்டலோ தெரிந்ததும் நம் மருந்துப் பெட்டியைத் திறக்கிறோம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றிலும் குடலிலும் புண்ணை உண்டாக்கும், அளவு கூடினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைச் சிதைக்கும், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையும் கெடுக்கும். மனிதருக்கான மாத்திரையின் அளவு சிறிய நாய்க்கு எளிதில் மீறிவிடும். நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஆகவே வேறு எந்த மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"பக்கத்து வீட்டு நாய்க்கு இதுதான் கொடுத்தாங்க" என்பதும் இதே தவறின் இன்னொரு முகம். புழுவுக்கும் சொறிக்கும் பயன்படும் ஐவர்மெக்டின் பல நாய்களுக்கு ஒன்றும் செய்யாத அளவில்கூடச் கோலி (Collie) என்ற மேய்ப்பு இனத்தின் சில நாய்களை நடுக்கத்துக்கும் கோமாவுக்கும் தள்ளிவிடும். காரணம் நீண்ட நாள் புதிராக இருந்தது. 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அவிழ்த்தார்கள். மூளைக்குள் மருந்து புகாமல் வெளியேற்றும் புரதத்துக்கான எம்டிஆர்1 என்ற மரபணு அந்த நாய்களில் பழுதாக இருக்கிறது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற வேறு மேய்ப்பு இனங்களிலும் இது உண்டு. கலப்பின நாய்க்கும் வரலாம். மரபணுச் சோதனையில் தெரிந்துகொள்ளலாம்.

விஷமாகும் உணவுகளில் சாக்லேட்டைப் பலருக்குத் தெரியும். அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். வெங்காயமும் பூண்டும், சமைத்திருந்தாலும், சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சில வகை நிலக்கடலை வெண்ணெயிலும் இருக்கும் சைலிடால் என்ற இனிப்பூட்டி, நாயின் உடலில் இன்சுலினைக் கொட்டவைத்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்குக் கொண்டுபோய்விடும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடங்களாகத் தெரியும், ஏன் என்று தெரியாமல் இருந்தது. 2021இல் விஷமுறிவு மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த வருடம் அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தார்கள். எதையாவது தின்றுவிட்டது என்றால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காதீர்கள். உப்பே விஷமாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அந்த உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

"ஊசி போட்டோமே, அப்புறமும் எப்படி வந்துச்சு?"

பார்வோ என்ற வைரஸ் நோயில் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் கேட்கும் கேள்வி இது. விடை தாயிடம் இருக்கிறது. பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. அவை குட்டியைக் காக்கும்போதே தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். நாளாக ஆக அவை குறையும், ஆனால் எந்த வாரத்தில் என்று சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குள்ளேயே வேறுபடும். நடுவில் சில நாட்கள் உண்டு. வைரஸைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியைத் தடுக்கப் போதுமான அளவு தாயின் எதிர்ப்பு மிச்சமிருக்கும் நாட்கள். ஊசி போட்ட குட்டிக்கும் நோய் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் போட்டுக்கொண்டே வந்து, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும் என்று உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் வழிகாட்டுகிறது. "மூணு ஊசி முடிஞ்சுது" என்று எண்ணிக்கையைப் பார்ப்பது தவறு. கடைசி ஊசி எத்தனையாவது வாரத்தில் விழுந்தது என்று பாருங்கள். பத்து வாரத்தோடு நிறுத்திய குட்டிக்கு ஒருவேளை ஒரு ஊசிகூட வேலை செய்யாமல் போயிருக்கலாம். பெரியதானதும் பார்வோ, டிஸ்டெம்பர் (இன்னொரு வைரஸ் நோய்) ஊசிகளை வருடாவருடம் போட வேண்டியதில்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பதும் அதே வழிகாட்டுதலில்தான் இருக்கிறது. லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்) ஊசி மட்டும் வருடந்தோறும் வேண்டும். ரேபிஸ் ஊசிக்கு அந்தந்த இடத்துச் சட்டம் சொல்வதே அளவு.

பார்வோ 1978இல்தான் அடையாளம் காணப்பட்டது. இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவ்வளவு வேகத்துக்குக் காரணம் அதன் உறுதி. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சோப்புத் தண்ணீரோ கை சானிடைசரோ அதைக் கொல்லாது. சுத்தமாகக் கழுவிய தரையில் முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நோய் வந்த வீட்டில் அவசரப்பட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

"ஈரத் துண்டைப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்"

வெப்பத் தாக்குதல் என்றால் மூடிய கார்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை அலசிய ராயல் வெடெரினரி கல்லூரியும் நாட்டிங்ஹாம் டிரெண்ட் பல்கலைக்கழகமும் கண்டது வேறு. சுமார் நான்கில் மூன்று சம்பவங்களுக்குக் காரணம் நடையும் ஓட்டமும் விளையாட்டும். கார் அதில் சிறு பங்குதான். நாய்க்கு வியர்வை அநேகமாகப் பாதத்தில் மட்டும்தான், சூட்டைத் தணிக்க மூச்சிரைப்பையே நம்பியிருக்கிறது. பக், ஃபிரெஞ்ச் புல்டாக் மாதிரித் தட்டை முகம் உள்ளவற்றுக்கு அந்த வழியும் குறுகல்.

இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 41ஐத் தாண்டினால் உறுப்புகள் கெட ஆரம்பிக்கும். "குளிர்வித்த பிறகு கிளம்பு" என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் ஓயாமல் சொல்வது. திடமான இளம் நாயைக் குளிர்ந்த தண்ணீரில், தலை மேலே இருக்கும்படி, இறக்கலாம். வயதான, நோயுள்ள நாய் என்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தினால் அது சீக்கிரமே சூடாகிப் போர்வைபோல் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

அரிப்பு, உண்ணி, காது

சொறிந்தால் ஒரு ஊசி, அடங்கும், மறுபடி சொறியும், மறுபடி ஊசி. ஸ்டீராய்டு அரிப்பை அடக்குமே தவிரக் காரணத்தைச் சொல்லாது. தெள்ளா, சொறிப்பூச்சியா, பூஞ்சையா, ஒவ்வாமையா என்று முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உணவு ஒவ்வாமையை உறுதி செய்ய ஒரே நம்பகமான வழி, இதுவரை சாப்பிடாத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை வீண். காது அடிக்கடி சீழ் வைக்கிறதென்றால் அதன் வேரும் பெரும்பாலும் ஒவ்வாமையே.

உண்ணியைப் பொறுத்தவரை, நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சுவர் விரிசலிலும் படுக்கையிலும் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு இடத்தை விட்டால் திரும்ப வரும். எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். தோலை ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுங்கள். எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் நாய் துள்ளுகிறதே என்று நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

பெட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பருவம் முடிந்து சில வாரங்களில் அது சோர்ந்து, சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். ஸ்வீடனின் காப்பீட்டுப் பதிவுகளின்படி கருத்தடை செய்யாத பெட்டைகளில் சுமார் நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருகிறது. வாய் மூடிய கர்ப்பப்பை என்றால் கசிவே வெளியில் தெரியாது.

"இதயத்துல ஏதோ சத்தமாம், ஆனா நல்லாத்தான் ஓடுது"

சிறிய இன நாய்களுக்கு வயதானால் இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்துக் கசிவது மிகச் சாதாரணம். அறிகுறி இல்லை என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. 2016இல் வெளியான எபிக் என்ற ஆய்வு அதை மாற்றியது. 360 நாய்களைச் சேர்த்து நடந்த அந்த ஆய்வில், இதயம் பெரிதாகியும் அறிகுறி வராத கட்டத்திலேயே பிமோபென்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தபோது இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. சத்தம் கேட்கிறது என்று டாக்டர் சொன்னால் எக்கோவும் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை உண்டு. நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவில் கால் உதறும்போது எண்ணாதீர்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. இதய நோயுள்ள நாய்க்குத் தொடர்ந்து அதற்கு மேல் போனால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பொருள் கொண்டு, இருமல் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரை அழைக்க வேண்டும். எங்கள் நாய்க்கு இப்போது பன்னிரண்டு வயது. மாடியில், என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறது. நேற்று இரவு எண்ணினேன், 18.